கோவை வல்லுநரா, கைபேசிப் படிப்பா, நம் பள்ளி ஆட்களேயா? மலைப்பள்ளிக்கு ஏற்ற குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சி

ஏப்ரல் கடைசியில் நடந்த குழுக் கூட்டத்தில் எங்கள் தலைமையாசிரியை நான்கு தாள்களை மேசைமேல் வைத்தார். ஒன்று, கோவையில் இருக்கும் பயிற்சியாளர் ஒருவரின் கடிதம்: ஒருநாள் பயிலரங்கு, கட்டணம் இவ்வளவு, பயணச் செலவு தனி. இரண்டாவது, இணையவழிப் படிப்பு ஒன்றின் அறிமுகப் பக்கம். முடித்தால் சான்றிதழ் உண்டு. மூன்றாவது, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு நாங்கள் அனுப்பவிருந்த வேண்டுகோளின் வரைவு. நான்காவது நான் கையால் எழுதியது: நம் ஊழியர்களிலேயே இருவரை ஆழமாகப் பயிற்றுவித்து, அவர்களை வைத்து மாதம் ஒருமுறை எல்லோரும் உட்கார்ந்து பழகுவது. ஜூனில் பள்ளி திறப்பதற்குள் ஒன்றை முடிவு செய்தாக வேண்டும்.

நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பக்கத்து மலைச்சரிவில் இருக்கும் அரசு உதவிபெறும் பள்ளி எங்களுடையது. சிறிய மாணவியர் விடுதியும் உண்டு. ஆசிரியர்கள் பத்தொன்பது பேர். ஆயாம்மா, சமையல் அக்காமார், விடுதிக் காப்பாளர், காவலாளி, வேன் ஓட்டுநர்கள், அலுவலக எழுத்தர் என்று ஆசிரியர் அல்லாதவர்கள் பதினைந்து பேர். அன்றைய கூட்டத்தில் நான் திரும்பத் திரும்பச் சொன்னது இந்தப் பதினைந்தைத்தான். நீலகிரியிலும் கொடைக்கானல் பக்கத்திலும் இதே முடிவின் முன் நிற்கும் பள்ளிகள் பல இருக்கும். நாங்கள் எப்படி எடைபோட்டோம் என்பது அவர்களுக்குப் பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

முதலில் சட்டம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2020-இல் வந்த அதன் புதிய விதிகள், குழந்தைகளோடு தொடர்ந்து பழகும் எந்த நிறுவனமும் தன் ஊழியர் ஒவ்வொருவரையும், பாடம் நடத்துபவரானாலும் நடத்தாதவரானாலும், காவல்துறைச் சரிபார்ப்புக்கு உட்படுத்த வேண்டும் என்கின்றன. குறிப்பிட்ட கால இடைவெளியில் குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சியும் தர வேண்டும். எத்தனை மணி நேரம், யார் நடத்துவது, எந்த மொழியில் என்று விதி வரையறுக்கவில்லை. அதனால் முக்கால் மணி நேரச் சொற்பொழிவும் மூன்று நாள் பயிலரங்கும் பதிவேட்டில் ஒரே வரியாக ஏறிவிடுகின்றன. அந்த வரியை நிரப்புவதற்காக மட்டும் என்றால் நான்கு தாள்களில் மலிவானதை எடுத்துக்கொண்டு நாங்கள் எழுந்து போயிருக்கலாம்.

போக முடியாததற்குக் காரணம் என்னிடம் இருந்தது. அதைக் கூட்டத்தில் சொன்னேன், இங்கும் சொல்கிறேன்.

2016-இல் நான் வேறொரு பள்ளியில் இருந்தேன். அந்த ஆண்டு ஜூலையில் அங்கே ஒருநாள் பயிற்சி நடந்தது. பதாகை கட்டினார்கள், வந்தவர் நன்றாகப் பேசினார், சட்டப் பிரிவுகளைத் திரையில் காட்டினார், எல்லோருக்கும் சான்றிதழ் கிடைத்தது. என் சான்றிதழ் இன்னும் என்னிடம் இருக்கிறது. அன்று அரங்கத்தில் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தவர் கழிப்பறை சுத்தம் செய்யும் ஆயாம்மா. பயிற்சி ஆசிரியர்களுக்கு என்பதால் அவருக்கு அங்கே நாற்காலி இல்லை. ஆகஸ்டில் மூன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று, தனக்கு நேர்ந்ததை முதலில் சொன்னது அந்த ஆயாம்மாவிடம்தான். உள்ளாடை நனைந்தால் மாற்றிவிடுகிறவர், தலை பின்னிவிடுகிறவர். அவரிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லும்? ஆயாம்மா பதினொரு நாள் அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு திணறினார். தலைமையாசிரியர் அறைக்குள் அவர் போவது பெருக்குவதற்கு மட்டும். அலுவலகத் தொலைபேசி பூட்டிய அறைக்குள் இருந்தது. யாரிடம் சொல்வது, சொன்னால் வேலை இருக்குமா என்ற இரண்டு கேள்விக்கும் அவருக்கு விடை தெரியவில்லை.

கடைசியில் அவர் சொன்னபோது பள்ளி என்ன செய்தது தெரியுமா? நான்கு நாள் 'விசாரித்தது'. ஐந்து பேர் அந்தக் குழந்தையிடம் தனித்தனியாகக் கேட்டார்கள். அந்த ஐவரில் நானும் ஒருத்தி. சான்றிதழ் வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத நான், அந்தக் குழந்தையிடம் கேட்ட முதல் கேள்வி, "ஏம்மா முன்னாடியே சொல்லவில்லை?" என்பது. அதற்குப் பிறகு அது என்னிடம் வாய் திறக்கவில்லை. அடுத்த வாரம் குடும்பமே கணக்கு முடித்துக்கொண்டு வேறு எஸ்டேட்டுக்குப் போய்விட்டது. குற்றம் தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்னும் போக்சோ சட்டப் பிரிவு 19 எனக்குத் தெரிந்திருந்தது. ஒரு குழந்தை அழுதுகொண்டே எதிரில் நிற்கும்போது என் வாயிலிருந்து முதலில் வர வேண்டிய சொல் எது என்று யாரும் பழக்கியிருக்கவில்லை.

எனவே நான்கு தாள்களையும் நான் உரைத்துப் பார்த்த கல் இதுதான்: ஒரு திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு ஒரு குழந்தை சமையல் அக்காவின் முந்தானையைப் பிடித்து இழுத்து ஏதோ சொன்னால், அடுத்த பத்து நிமிடத்தில் அக்காவுக்கு என்ன செய்வது என்று தெரிந்திருக்குமா?

முதல் தாள், கோவை வல்லுநர். இதன் பலத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பல ஆண்டு இந்தத் துறையில் இருக்கிறவர் பேசுகையில் அறையே மாறுவதைப் பார்த்திருக்கிறேன். 'நம் ஊரில் இதெல்லாம் நடக்காது' என்று கை கட்டி உட்கார்ந்திருப்பவர்களை அசைக்க வெளியாளால்தான் முடியும். மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், கேட்கப்பட்ட குழந்தைகளில் 53 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வகைப் பாலியல் தொல்லையைச் சந்தித்ததாகக் கூறியிருந்தார்கள். செய்தவர்களில் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்கு உரியவர்களாக இருந்தவர்கள். இதை நான் சொன்னால் 'டீச்சர் எதையோ படித்துவிட்டு வந்து பயமுறுத்துகிறார்' என்பார்கள். வெளியாள் சொன்னால் குறித்துக்கொள்வார்கள்.

ஆனால் மேட்டுப்பாளையம், குன்னூர், உதகை, நடுவட்டம் என்று மலையேறி இறங்கி அவர் இங்கே வந்து சேரவே பாதிநாள் ஆகிவிடும். ஒருநாள் பயிலரங்கு மெய்யாகவே நான்கு மணி நேரப் பயிலரங்கு ஆகிறது. அந்த நான்கு மணி நேரமும் சமையலறை இயங்க வேண்டும், வேன் ஓட வேண்டும், காவலாளி வாசலில் நிற்க வேண்டும். யார் அரங்கத்துக்குள் வருவார்கள் என்பதை நேரமே தீர்மானித்துவிடுகிறது. 2016-இல் நடந்தது அதேதான். தவிர, ஆண்டுக்கு ஒருநாள் கேட்டது ஜூனில் இருக்கும் அழுத்தத்தோடு பிப்ரவரியில் நினைவில் இருக்காது. நடுவில் வேலைக்குச் சேர்பவருக்கு எதுவுமே கிடைக்காது. எங்கள் பள்ளியின் ஆண்டுப் பயிற்சி ஒதுக்கீடு முழுவதையும் அந்த ஒருநாள் தின்றுவிடும் என்பதும் சேர்ந்துகொண்டது.

இரண்டாவது தாளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இணையப் படிப்பில் செலவு குறைவு, சில இலவசமாகவே கிடைக்கின்றன, சட்டப் பகுதி பிழையின்றி இருக்கும், புதிதாகச் சேர்ந்தவர் சேர்ந்த வாரமே முடித்துவிடலாம். சட்டத்தைத் தெரிந்துகொள்ள ஆசிரியர்களுக்கு இது நல்ல வழி. எங்கள் ஊரில் மழைக்காலத்தில் மின்சாரமும் டவரும் சேர்ந்தாற்போல் இருப்பதே பாக்கியம். சமையல் அக்காமார் மூவரில் இருவரிடம் இருப்பது பட்டன் போன். அதைவிடப் பெரிய குறை, எதிரில் ஆள் இல்லாதது. திரையில் வரும் கேள்விக்குச் சரியான விடையைத் தொட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். ஒருவர் கைபேசியில் மற்றொருவர் படித்துச் சான்றிதழ் எடுத்ததும் எங்களுக்குத் தெரியும்.

மூன்றாவது, மாவட்ட அலகு. பெரும்பாலான பள்ளிகள் இதன் அருமையை உணரவில்லை என்பது என் எண்ணம். மாவட்டந்தோறும் குழந்தைகள் பாதுகாப்பு அலகும் குழந்தைகள் நலக் குழுவும் இருக்கின்றன. அழைத்தால் அலுவலர்கள் வருவார்கள், கட்டணம் இல்லை. அவர்கள் பேசும் பேச்சைவிட அவர்கள் வந்து போவதே பெரிய பயன். நாளை ஒரு விஷயம் என்றால் அழைக்க வேண்டிய ஆளின் முகம் நமக்குத் தெரிந்திருக்கும். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைத்தால் யார் எடுப்பார்கள், எங்கிருந்து கிளம்பி வருவார்கள், காவல் நிலையத்தில் யார் இருப்பார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே கேட்ட சமையல் அக்கா, பிறகு தயங்காமல் எண்ணை அழுத்துவார். 1996-இல் மும்பையில் தொடங்கிய இந்த உதவி எண், 2023 முதல் அரசின் நேரடிப் பொறுப்புக்கு மாற்றப்பட்டு அவசர உதவி எண் 112-உடன் இணைக்கப்பட்டது. பழைய சுவரொட்டியை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் பள்ளிகளுக்கு இந்த மாற்றமும் நேரில் விளங்கும்.

குறை என்னவென்றால் அவர்கள் சிலர்; மாவட்டமோ ஆறு வட்டங்களும் எண்ணற்ற எஸ்டேட்டுகளும் கொண்டது. உதகையிலிருந்து எங்கள் ஊர் வரை வந்து திரும்ப அவர்களுக்கு ஒருநாள் போய்விடும். தேதி நம் கையில் இருக்காது. வந்தாலும் பெரும்பாலும் மாணவர்களை மைதானத்தில் உட்காரவைத்து ஒரு மணி நேரம் விழிப்புணர்வு என்பதாகவே முடியும். மாணவர்களுக்கு அது வேண்டியதுதான். ஊழியர்கள் பழக வேண்டியது வேறு.

இனி நான்காவது. இது நான் எழுதிய தாள் என்பதால் இதன் மேல் எனக்குச் சாய்வு இருக்கிறது. ஆகவே இதன் ஆபத்துகளை நானே முன்வைத்தேன்.

இருவரை அனுப்பி முறையாகப் பயிற்றுவிப்பது முதல் படி. சென்னையில் 2004 முதல் இந்த ஒரே துறையில் பணியாற்றும் துளிர் போன்ற அமைப்புகள் இருக்கின்றன. அத்தகைய இடத்தில் பயின்றுவரும் இருவர், மாதத்துக்கு ஒரு மணி நேரம் நம் எல்லோரோடும் உட்காருவார்கள். இருவரில் ஒருவர் ஆசிரியர் அல்லாதவராக இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். 2021-இல் தமிழக அரசு ஒவ்வொரு பள்ளியிலும் அமைக்கச் சொன்ன மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவிலேயே ஆசிரியர் அல்லாத ஊழியருக்கு இடம் உண்டு. பயிற்சி தருகிறவர்களில் ஏன் இருக்கக் கூடாது? விடுதிக் காப்பாளரை நான் முன்மொழிந்தேன்.

மாத அமர்வில் சொற்பொழிவு கிடையாது. ஒருவர் குழந்தையாக, ஒருவர் பெரியவராக உட்கார்ந்து பேசிப் பழகுவது. "நீ என்னிடம் சொன்னது நல்லது. நான் உன்னை நம்புகிறேன். உன்மேல் எந்தத் தப்பும் இல்லை. உனக்கு உதவக்கூடியவர்களிடம் நான் சொல்லியாக வேண்டும்." இந்த நான்கு வாக்கியங்கள் நாக்குக்குப் பழகும்வரை. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்துவிடாமல் இருக்க. கேள்விமேல் கேள்வி கேட்காமல், குழந்தை சொன்ன சொல்லை அப்படியே தேதி, நேரத்தோடு எழுதி வைக்க. சம்பந்தப்பட்ட ஆளைக் கூப்பிட்டு 'நீ செய்தாயா' என்று கேட்டுவிடாமல் இருக்க. கேட்பதற்கு எளிது. எதிரில் உட்கார்ந்திருப்பது சக ஊழியர்தான் என்று தெரிந்தும், முதல் தடவை பழகிப் பார்த்தபோது எங்கள் கணித ஆசிரியருக்குக் குரல் வரவில்லை.

உள்ளே இருப்பவர்கள் நடத்துவதில் இன்னொரு நன்மை, மலையைத் தெரிந்திருப்பது. எங்கள் குழந்தைகளில் பணியர், காட்டுநாயக்கர் ஆகிய பழங்குடி வீட்டுப் பிள்ளைகள் உண்டு. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் உண்டு. மலையாளம் பேசும் வீடுகளும் உண்டு. தன் உடலைப் பற்றிய சொற்கள் ஒரு குழந்தைக்கு வீட்டு மொழியில்தான் இருக்கும். வகுப்பில் தமிழில் கேட்டால் மௌனமாகவே நிற்கும். குழந்தைக்குப் புரியாத மொழியில் புகார் பதிவானால் மொழிபெயர்ப்பாளரைத் தர வேண்டும் என்று போக்சோ சட்டமே சொல்கிறது. பள்ளிக்குள் அந்தப் பாலமாக இருக்கக்கூடியவர் யார் என்று வெளியூர் வல்லுநருக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும்: பணியர் குடியிருப்பான பாடியிலிருந்து வேலைக்கு வரும் சமையல் அக்கா.

பழங்குடிப் பிள்ளை நாலு நாள் வராவிட்டால் 'அவர்கள் அப்படித்தான், திருவிழாவுக்குப் போயிருப்பார்கள், தேன் எடுக்கப் போயிருப்பார்கள்' என்று சொல்லிவிட்டுப் பதிவேட்டில் கோடு போடும் பழக்கம் எங்களிடமும் இருந்தது. எந்தக் குழந்தை எந்த வேனில் ஏற மறுக்கிறது, யார் விடுதியில் திடீரென்று படுக்கையை நனைக்கிறாள், யார் சனிக்கிழமை வீட்டுக்குப் போகப் பயப்படுகிறாள் என்று கவனிப்பதற்கு அந்த அலட்சியம் குறுக்கே நிற்கிறது. இவை ஆதாரங்கள் ஆகிவிடாது. ஆனால் கூப்பிட்டு அன்பாகப் பேச இவை போதும்.

வேன் பற்றியும் சொல்லியாக வேண்டும். தென்மேற்குப் பருவமழையில் சாலையில் மரம் விழும். மாலையில் யானை பாதையில் நிற்கும். பஸ் வராது. எஸ்டேட் டிவிஷனுக்கு, அதாவது தோட்டத்தின் உட்பிரிவுக்கு, போக வேண்டிய நான்கைந்து பிள்ளைகள் இருட்டும்வரை ஜீப்புக்காகக் காத்திருப்பார்கள். அந்த நேரத்தில் அவர்களோடு இருப்பது ஓட்டுநரும் காவலாளியும் மட்டும். மழை நாளில் ஏற்பாடு செய்யும் தற்காலிக ஜீப் ஓட்டுநரைக் காவல்துறை சரிபார்த்ததா என்று எந்தப் பள்ளி கேட்கிறது? பயிற்சி எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்தச் சரிபார்ப்புக்கு ஈடாகாது. எங்கள் ஓட்டுநர் ஒருவர்தான் முதல் அமர்வில் சொன்னார்: "கடைசியாக இறங்கும் பிள்ளை தனியாக வருகிறது டீச்சர். அது எனக்கும் நல்லதில்லை, அதற்கும் நல்லதில்லை." இப்போது கடைசி நிறுத்தம்வரை ஒரு பெண் ஊழியர் கூடப் போகிறார்.

ஆபத்துகளுக்கு வருகிறேன். முதல் ஆபத்து, பயிற்சி பெற்ற அந்த இருவரும் வாசல்காப்போர் ஆகிவிடுவது. 'அவரிடம் சொல்லிவிட்டேன், அவர் பார்த்துக்கொள்வார்' என்று மற்ற முப்பத்திரண்டு பேரும் கை கழுவிவிடலாம். குற்றம் சாட்டப்படுபவரே அந்த இருவரில் ஒருவராகவோ, நிர்வாகத்துக்கு வேண்டியவராகவோ இருந்துவிட்டால்? ஆகவே அவர்கள் பழக்குகிறவர்கள் மட்டுமே, புகார் அவர்கள் வழியாகத்தான் போக வேண்டும் என்றில்லை என்பதை நிர்வாகத்திடம் கடிதமாக, எழுத்தில் கேட்டோம். பிரிவு 19 'எந்த ஒரு நபரும்' என்கிறது: குற்றம் நடந்தது தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலோ, அவரே சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காதவருக்குப் பிரிவு 21-இன்படி ஆறு மாதம்வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தனக்குக் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை மறைத்த நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டுவரை சிறையும் அபராதமும். நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர்மேல் வழக்கு வராது என்றும் அதே பிரிவு 19 உறுதி தருகிறது. ஆயாம்மாவுக்கு முதலில் சொல்ல வேண்டியது இந்தக் கடைசி வரியைத்தான்.

ஒரு குழப்பத்தை இங்கே தெளிவாக்க வேண்டும். பள்ளிக்கு 24 மணி நேர அவகாசம் இருக்கிறது என்று பல தலைமையாசிரியர்கள் நம்புகிறார்கள். அந்த 24 மணி நேரம், தகவல் பெற்ற காவல்துறை குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிப்பதற்கு விதிக்கப்பட்டது. 'விசாரித்து முடித்துவிட்டு அப்புறம் சொல்' என்று பள்ளிக்குச் சட்டத்தில் எங்கும் இடம் இல்லை. பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் துன்புறுத்தலை விசாரிக்க 2013 சட்டப்படி அமைந்த உள் குழு வேறு. குழந்தை விஷயத்தை அதன்முன் வைத்து விசாரிப்பதும் சரியல்ல. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம், மகாராஷ்டிரத்தில் பழங்குடி மாணவியர் விடுதி ஒன்றில் நடந்தது தெரிந்தும் தெரிவிக்கவில்லை என்று குற்றம் சாட்டப்பட்ட மருத்துவர்மீதான வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்ததைத் தள்ளி, தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பது கடுமையான குற்றம் என்றது. பழங்குடிப் பிள்ளைகளின் விடுதிகள் இத்தனை இருக்கும் எங்கள் மாவட்டத்தில் அந்தத் தீர்ப்பை ஒவ்வொரு காப்பாளரும் அறிந்திருக்க வேண்டும்.

நிர்வாகத்திடம் அந்தக் கடிதத்தில் கையெழுத்து வாங்க மூன்று வாரம் ஆனது. பள்ளியின் பெயர் என்னாகும் என்று கேட்டார்கள். பெயருக்காக மறைத்தால் சிறைக்குப் போவது யார் என்று தலைமையாசிரியை பிரிவு 21-ஐ வாசித்துக் காட்டினார். கையெழுத்து ஆயிற்று.

இரண்டாவது ஆபத்து, ரகசியம். ஊழியர்கள் எல்லோரும் உள்ளூர்க்காரர்கள். எஸ்டேட் லயன் வீடுகளில் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இருமினாலும் இந்தப் பக்கம் கேட்கும். குழந்தையின் பெயரை வெளியிடக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் 'அந்த டிவிஷன், எட்டாம் வகுப்பு, அப்பா கேரளாவில் வேலை' என்றால் பெயர் எதற்கு? மாத அமர்வுகளில் நடந்த சம்பவம் எதையும் பேசுவதில்லை, கற்பனைச் சூழல்களை மட்டுமே எடுத்துக்கொள்கிறோம் என்று விதி வைத்தோம். நகரத்து வல்லுநர் வந்து போவதில் இந்தச் சிக்கல் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாவது ஆபத்தை நான் எதிர்பார்க்கவே இல்லை. முதல் அமர்வின் பாதியில் ஒருவர் எழுந்து வெளியே போய் வராந்தாவில் நின்று அழுதார். நாற்பது வயதுக்குமேல் ஆனவர். யாரும் எதுவும் கேட்கவில்லை, பின்னால் ஓடவில்லை. காப்பாளர் மட்டும் ஒரு குவளைத் தண்ணீரோடு போய்ப் பக்கத்தில் நின்றார். முப்பத்து நான்கு பேர் உட்காரும் எந்த அறையிலும் குழந்தைப் பருவத்தில் காயப்பட்டவர்கள் இருப்பார்கள். காரணம் சொல்லாமல் எழுந்து போகலாம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். இதைக் கையாளத் தெரியாதவர்கள் கையில் நான்காவது வழியைக் கொடுப்பது தவறு. இருவரையும் முறையாகப் பயிற்றுவிக்க முடியாத பள்ளி இதைத் தொடங்கவே வேண்டாம். அந்தப் பள்ளிக்குக் கோவை வல்லுநரே மேல், சமையலறையை ஒருநாள் மூடிவிட்டு எல்லோரையும் உட்காரவைப்பதாக இருந்தால்.

நாங்கள் எடுத்த முடிவு இது. நான்காவது வழி முதுகெலும்பு. மாவட்ட அலகை ஆண்டுக்கு ஒருமுறை, நவம்பரில், ஊழியர்களுக்காகவே அழைக்கிறோம். 2021 வழிகாட்டுதலின்படி நவம்பர் 15 முதல் 22 வரை குழந்தைகள் மீதான வன்கொடுமை தடுப்பு வாரம், அந்த நாட்களில் மழையும் சற்று ஓய்ந்திருக்கும். இணையப் படிப்பு, புதிதாகச் சேரும் ஆசிரியர்களுக்குச் சட்டப் பகுதிக்கு மட்டும். கோவை வல்லுநருக்கு நன்றி தெரிவித்துக் கடிதம் எழுதினோம்; கட்டணத்தில் பாதிக்கும் குறைவாகவே இருவரின் சென்னைப் பயணமும் தங்கலும் முடிந்தன. பெரிய உறைவிடப் பள்ளிகளுக்கு இந்தக் கணக்கு வேறாக இருக்கலாம். நூற்றுக்கும் மேல் ஊழியர்கள் இருக்கும் இடத்தில் இருவர் போதாது, வெளி வல்லுநரின் கட்டணமும் தலைக்கு இவ்வளவு என்று பிரிந்து சிறிதாகிவிடும். பிள்ளைகள் இரவும் பகலும் வீட்டைவிட்டு இருக்கும் அந்தப் பள்ளிகளில் இரவுப் பணி ஊழியர்களைத் தனியாகவே பயிற்றுவிக்க வேண்டும் என்பேன்.

பிரம்பைப் பற்றியும் அமர்வுகளில் பேசுகிறோம். கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் பிரிவு 17 உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்து இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும், 'கண்டிக்காமல் எப்படி' என்ற கேள்வி வருகிறது. அடிக்கும் ஆசிரியரிடம் எந்தக் குழந்தையும் தன் ரகசியத்தைக் கொண்டுவராது என்று காப்பாளர் சொன்னபோது அறையில் சிலர் தலை குனிந்தார்கள்.

நேரத்தை முடிவு செய்தபோது முதலில் சமையல் அக்காமாரைக் கேட்டோம். பாத்திரம் கழுவி முடியும் இரண்டரை மணி என்றார்கள். மாதத்தின் இரண்டாம் புதன்கிழமை இரண்டரைக்கு, பிள்ளைகள் விளையாட்டு வகுப்பில் இருக்கும்போது, ஆசிரியர்கள் இரண்டு பிரிவாக மாறி மாறி வருகிறார்கள். முதல் அமர்வின் முடிவில் எங்கள் பள்ளி ஆயாம்மா கேட்டார்: "1098-க்குக் காசு பிடிக்குமா?" பிடிக்காது என்றோம். "என் போனுக்கு இங்கே டவர் கிடைக்காதே." உண்மைதான். டவர் கிடைப்பது கொடிமரத்தின் பக்கம் மட்டும். அங்கே நின்று பேசினால் பள்ளி முழுவதும் பார்க்கும். அலுவலக அறையில் தரைவழித் தொலைபேசி இருக்கிறது, ஆனால் எழுத்தர் போனபின் பூட்டிவிடுவோம்.

மறுநாள் தலைமையாசிரியை கூடலூர் பஜாருக்குப் போய் அந்த அறைச் சாவிக்கு ஒரு நகல் எடுத்துவந்தார். அது இப்போது சமையலறையில், தீப்பெட்டி வைக்கும் பலகைக்கு மேலே ஆணியில் தொங்குகிறது.